அரசை மறுத்த அடியார்கள்



அராஜகம் என்ற சொல் காதில் விழும்போதே, கடைக் கதவுகள் அவசரமாகச் சாத்தப்படும் ஓசையும் உடன் கேட்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. கல்லெறி, தீவைப்பு, ஓடும் சனக்கூட்டம் ஆகியவையே அச்சொல்லோடு மனத்தில் எழும் காட்சிகள். வடமொழியில் அதன் நேர்ப்பொருள் அரசன் இல்லாமை என்பதே. தசரதன் இறந்து பரதன் வந்து சேராதிருந்த இடைக்காலத்தில், அரசனில்லாத நாட்டிலே மழை பெய்யாது, விதை விதைக்கப்படாது, வணிகர் வழி நடக்கமாட்டார் என்று முனிவர்கள் வசிட்டரிடம் முறையிடுவதாக வான்மீகியின் அயோத்தியா காண்டத்தில் ஒரு சருக்கமே அமைந்துள்ளது. அந்த அச்சம் நமக்கு வழிவழி வந்தது. அது காரணமில்லாத அச்சமும் அன்று.

மேல்நாட்டிலே இச்சொல்லை வசைச்சொல்லாகக் கொள்ளாது, தமக்குரிய பெயராக முதலில் ஏற்றுக்கொண்டவர் புரூதோன் என்னும் பிரெஞ்சுக்காரர். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர். 1840 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே தம்மை அவ்வாறு அழைத்துக்கொண்டார். அவருக்குப்பின் வந்த ருஷ்யரான பக்கூனின், அரசையும் கடவுளையும் ஒரே கயிற்றின் இரு புரிகளாகக் கண்டார். ஒன்றை அறுப்பவன் மற்றதையும் அறுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே அரசின்மைவாதி என்றால் நாத்திகன் என்றும், சட்டத்தை மதியாதவன் என்றும் கருதுவது வழக்கமாயிற்று.

ஆனால் கடவுளை நம்பாமையால் அன்று, கடவுளை நம்பியமையாலேயே அரசை மறுத்தோரும் இருந்தனர். ஆண்டவன் ஒருவனுக்கே அடிமை பூண்டவன் வேறொருவனுக்கு எவ்வாறு அடிமையாவான் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. பல்லவ மன்னனின் அழைப்பை மறுத்து அப்பர் பாடிய மறுமாற்றத் திருத்தாண்டகம் இவ்விடத்தில் உங்களுக்கு நினைவு வரலாம். அது வேறொரு பேச்சுக்கு உரியது. இன்று நாம் செல்ல வேண்டிய இடம் ருஷ்யா. காலம் 1866.

அவ்வாண்டு, தூலா நகரத்துக்கு அணித்தான ஒரு படைமுகாமில், சபூனின் என்னும் ஏழைச் சிப்பாய் தன் தளபதியின் முகத்தில் அறைந்துவிட்டான். பகலெல்லாம் பத்திரங்களைப் பிரதி செய்வது அவன் வேலை. தளபதி அவற்றில் குற்றங்கண்டு மீண்டும் மீண்டும் எழுதுவிப்பார். இராணுவ நீதிமன்றம் கூடியது. அவன் சார்பில் பேச முன்வந்தவர் அயலிலிருந்த ஒரு பிரபு. ஒருகாலத்தில் காசான் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, பட்டம் பெறாமலே வெளியேறியவர். அப்போது 'போரும் சமாதானமும்' என்ற பெருநாவலை எழுதிக்கொண்டிருந்தவர். அவரே லியோ டால்ஸ்டாய்.

டால்ஸ்டாய் நல்ல நியாயவாதி போலவே பேசினார். சபூனின் சித்தஞ் சிதைந்தவன் என்றும், அத்தகையவனுக்குத் தண்டனை குறைக்கப்படலாம் என்றும், சட்டப் பிரிவுகளை எண்களோடு எடுத்துக்காட்டி வாதாடினார். பயன் இல்லை. மரணதண்டனை விதிக்கப்பட்டது. அரண்மனைச் செல்வாக்குடைய உறவினர் ஒருவர் மூலம் சக்கரவர்த்திக்குக் கருணைமனு அனுப்பினார். அதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. சிப்பாய் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவன் என்று குறிப்பிட அவர் மறந்துபோனார். அக்குறிப்பு இல்லாமையால் மனுவைக் கவனிக்க இயலவில்லை என்று போர் மந்திரி விடையிறுத்தார். ஓகஸ்ட் மாதத்தில் சபூனின் சுட்டுக் கொல்லப்பட்டான்.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1908 இல், தம் வரலாற்றை எழுதிய பிரியூக்கோவ் என்னும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் டால்ஸ்டாய் இச்சம்பவத்தை நினைவுகூர்கிறார். செல்வம் இழந்தது, புகழ் பெற்றது, உறவினர் இறந்தது ஆகிய எல்லாவற்றினும் மேலாகத் தம் வாழ்வை அந்த வழக்கே பாதித்தது என்கிறார். அன்று தாம் நிகழ்த்திய வாதத்தை எண்ணி வெட்கப்படுகிறார். ஒரு மனிதனைக் கொல்வதா என்று ஆராயும் மேசையின்முன் நின்று, பிரிவு எண்களைச் சொல்லி வாதாடினோமே என்பதே அவருடைய வெட்கம்.

இதைப் படிக்குந்தோறும் எனக்கு ஒரு மறுப்பு எழுவதுண்டு. அந்தப் பிரிவுகளையன்றி வேறெதனைப் பிடித்துச் சபூனினைக் காப்பாற்றியிருக்க முடியும்? சட்டத்தில் இரக்கத்துக்கு ஒரு வாயில் இருந்தது. நீதிபதிகளே அதனைச் சாத்தினர். ஆனால் டால்ஸ்டாய் கண்டது வேறு. படைப்பிரிவின் பெயர் விடுபட்டமைக்காக ஓர் உயிர் போகுமாயின், அந்த ஒழுங்கு முழுவதுமே பொய் என்று அவர் உள்ளம் தீர்மானித்தது.

அத்தீர்மானம் கனிந்து வெளிவரப் பல ஆண்டுகள் சென்றன. 1883 இல் யூரராக அமரும்படி அழைப்பு வந்தபோது, தம் சமய நம்பிக்கை இடந்தராது என்று மறுத்து அபராதம் விதிக்கப்பட்டார். 'ஆண்டவன் இராச்சியம் உங்களுள்ளே உள்ளது' என்ற நூலை 1893 இல் எழுதி முடித்தார். அது ருஷ்யாவில் தடை செய்யப்பட்டது. இயேசுநாதரின் மலைப்பிரசங்கத்தை அவர் அலங்காரமாகக் கொள்ளாது கட்டளையாகக் கொண்டார். தீமையைப் பலாத்காரத்தால் எதிர்க்கலாகாது என்றால், சேனையும் சிறைச்சாலையும் தூக்குமேடையும் கூடாது. சத்தியம் செய்தல் விலக்கப்பட்டதென்றால், சக்கரவர்த்திக்கு விசுவாசப் பிரமாணமும் கூடாது. 1901 இல் ருஷ்யத் திருச்சபை அவரைப் புறத்தே தள்ளியது. மறுபுறத்தில் குண்டெறியும் புரட்சிக்காரருக்கும் அவர் உதவவில்லை. அரசின்மைவாதிகள் கூறுவன யாவும் சரி, புரட்சியால் அதனைக் கொணரலாம் என்பது ஒன்றே தவறு என்று 1900 ஆம் ஆண்டில் எழுதினார். அந்தப் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ள அவர் விரும்பியதில்லை.

எழுதுவது ஒன்று; வாழ்ந்து பார்ப்பது வேறொன்று. டால்ஸ்டாய் பிரபு. அரசு அவர் நூல்களைத் தடுத்ததேயன்றி அவரைத் தீண்டவில்லை. அவர் கொள்கைக்கு உடலைக் கொடுத்தவர்கள் எழுத்தறிவு குறைந்த குடியானவர்கள். டுக்கோபோர்கள் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். ஆவியினால் போராடுவோர் என்று அதற்குப் பொருள். குருமாரையும் திருவுருவங்களையும் நீக்கி, ஒவ்வொரு மனிதனுள்ளும் இறைவன் உறைகின்றான் என்று நம்பிய கூட்டத்தினர். மனிதனுள் இறைவன் இருந்தால் மனிதனைக் கொல்வது எங்ஙனம்? அவர்களுடைய அரசியல் முழுவதும் இந்த ஒரு வினாவுக்குள் அடங்கும்.

1895 ஆம் ஆண்டு யூன் மாதம், புனித பேதுருவின் திருநாளையொட்டிய இரவில், காக்கேசியப் பகுதியின் மூன்று இடங்களில் அவர்கள் தங்களிடமிருந்த துப்பாக்கிகளையும் வாள்களையும் குவித்துத் தீயிட்டனர். சுற்றிநின்று சங்கீதம் பாடினர். கொசாக்கியக் குதிரைப்படை வந்து சாட்டையால் அடித்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்து ஜோர்ஜியக் கிராமங்களில் சிதறடிக்கப்பட்டனர். நோயாலும் பசியாலும் பலர் மாண்டனர். அவர்களுடைய தலைவரான பீற்றர் வெரிகின் முன்னமே நாடுகடத்தப்பட்டிருந்தார்.

அவர்களைக் கப்பலேற்ற வேண்டிய பணத்துக்காக டால்ஸ்டாய் தம் விரதமொன்றைத் தளர்த்தினார். நூல்களுக்கு ஊதியம் பெறுவதில்லை என்றிருந்தவர், 'புத்துயிர்' நாவலின் வருவாயை வாங்கி அவர்களுக்கு அளித்தார். யூரர்கள் தீர்ப்பைச் சரியான சொற்களால் எழுதத் தவறியமையால் குற்றமற்ற பெண்ணொருத்தி சைபீரியாவுக்கு அனுப்பப்படும் கதை அது. சபூனினை அவர் மறக்கவில்லை போலும். குவேக்கர் சமயத்தாரும் உதவினர். 1899 இல் ஏறக்குறைய 7,500 பேர் கனடா சேர்ந்தனர்.

இனிக் கவனிக்க வேண்டியது கனடாவின் சட்டம். சட்டத்தின் ஆட்சி என்று நாம் கூறுவது எல்லோரும் கட்டளைக்கு அடங்குவதை மாத்திரம் அன்று. கட்டளையிடுவோனும் அதே சட்டத்துக்கு அடங்குதல் அதன் உயிர்நிலை. இங்கிலாந்தின் சட்டப் பேராசிரியர் டைசி 1885 இல் வெளியிட்ட நூலில் விளக்கியதும் இதுவே. சாரின் ருஷ்யாவில் இல்லாதது அது. கனடாவில் அது இருந்தது. 1898 டிசம்பரில் கனேடிய அரசாங்கம் டுக்கோபோர்களுக்கு இராணுவ சேவையிலிருந்து விலக்களித்து முறைப்படி கட்டளை பிறப்பித்தது. கிராமமாகக் கூடிவாழ்ந்து, ஒதுக்கப்பட்ட காணிகளைப் பொதுவில் உழுவதற்கும் உள்நாட்டு அமைச்சர் சிப்டன் இடங்கொடுத்தார். அரசை மறுத்தோர் ஒரு சட்டத்தின் நிழலில் அமைதியாகக் குடியேறினர். இன்று சஸ்காச்சுவான் எனப்படும் புல்வெளியில் கிராமங்கள் எழுந்தன. மாடுகள் போதாதவிடத்துப் பெண்கள் தாமே கலப்பையை இழுத்து உழுதனர்.

ஆயினும் காணியின் முழு உரிமைப் பத்திரம் வேண்டுமாயின் பிரித்தானியப் பிரசையாதல் வேண்டும். பிரசையாவதற்கு அரசருக்கு விசுவாசம் கூறிச் சத்தியம் செய்தல் வேண்டும். சிப்டன் பதவி நீங்கியபின் வந்த அமைச்சர் ஒலிவர், 1906 க்கும் 1907 க்கும் இடையில் இந்நிபந்தனையை இறுக்கிப் பிடித்தார். சிலர் பணிந்து பிரமாணம் செய்து தனித்தனிக் காணி பெற்றனர். பெரும்பான்மையோர் மறுத்தனர். இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. அவர்கள் உழுது பண்படுத்திய வயலுக்காக வேற்றார் காணிக் கந்தோரின் வாயிலில் வரிசையில் நின்றனர்.

இதிலே குற்றம் யாருடையது? சட்டம் சட்டமே, பிரமாணத்தில் நான்கு வரி. சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று கேட்பவர் உண்டு. நானும் அரசாங்க ஊழியன். புத்தாண்டில் அலுவல் தொடங்கும் முதல்நாளில் அரச ஊழியர் யாவரும் உறுதியுரை கூறுவது நம் நாட்டு வழக்கம். ஆசிரியர்களோடு நின்று நானும் கூறுகிறேன். கூறி முடித்ததும் தேநீர் அருந்தப் போகின்றோம். அச்சொற்களுக்கு அஞ்சி ஒருவன் வயலையும் வீட்டையும் விட்டுச் செல்வானாயின், பிரமாணத்தை நம்மினும் பெரிதாக மதித்தவன் அவனே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவனை நம்பிக்கைக்கு உரியவனல்லன் என்று தள்ளியது அந்தச் சட்டத்தின் விபரீதம்.

அவர்கள் கலகம் செய்யவில்லை. 1908 முதல் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போயினர். விலைகொடுத்து வாங்கும் நிலத்துக்கு எவரும் சத்தியம் கேட்பதில்லை. ஆகவே பொதுப் பணத்தில் பள்ளத்தாக்குகளை வாங்கிப் பழத்தோட்டம் நாட்டினர். மரம் அரியும் ஆலையும் பழப்பாகுத் தொழிற்சாலையும் நிறுவினர். சட்டத்தை மறுத்தவர்கள் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி கண்டார்கள். 1924 ஒக்டோபரில் வெரிகின் ஏறிச் சென்ற புகையிரதப் பெட்டி வெடித்து, அவரும் வேறு சிலரும் மாண்டனர். செய்தவர் யாரென்பது இன்றளவும் நிறுவப்படவில்லை.

அவர்கள் கப்பலேறிப் பத்தாண்டு நிறையுமுன், டால்ஸ்டாயின் கொள்கை வேறொரு திசையிலும் சென்றது. 1908 டிசம்பரில், அமெரிக்காவிலிருந்து 'சுதந்திர இந்துஸ்தானம்' என்ற பத்திரிகையை நடத்திய தாரகநாத தாசருக்கு அவர் ஒரு நெடுங்கடிதம் எழுதினார். பலாத்காரத்தால் விடுதலை தேடவேண்டாம் என்பது அதன் சாரம். அதில் தம் கூற்றுக்கு அரணாக அவர் காட்டிய நூல்களுள் நம் திருக்குறளும் ஒன்று. இன்னா செய்யாமை என்ற அதிகாரத்தின் கருத்துக்களை 'இந்துக் குறள்' என்ற பெயரோடு எடுத்தாளுகிறார். அக்கடிதத்தைக் குஜராத்தியில் பெயர்த்துப் பரப்பியவர், தென்னாபிரிக்காவில் சட்டத்தரணியாயிருந்த காந்தி.

டால்ஸ்டாய் சட்டத்தை நடுவிலே விட்டு வெளியேறிய மாணவர். காந்தியோ முழுமையாகப் பயின்ற பரிஸ்டர். இருவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 1910 இல், கலன்பாக் என்னும் நண்பர் அளித்த 1,100 ஏக்கர் பண்ணைக்குக் காந்தி டால்ஸ்டாயின் பெயரைச் சூட்டினார். யொகன்னஸ்பேர்க்குக்கு அணித்தாயிருந்த அப்பண்ணையில், சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ்ந்தன. தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. போப்பையரின் இலக்கண நூலைக்கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழைக் காந்தி அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.

அங்கே பொலிஸ் இல்லை, பிரம்பும் இல்லை. ஆயினும் ஒருநாள் அடங்காத பையன் ஒருவனைக் காந்தி கோலினால் கையில் அடித்துவிட்டார். அடித்தபோது தாமே நடுங்கினார். அது சரியா தவறா என்று பல்லாண்டுகளுக்குப் பின்னும் ஆராய்ந்து எழுதியுள்ளார். அரசாங்கத்தின் பலாத்காரத்தை ஒழிக்கப் புறப்பட்டவர், ஒரு வகுப்பறையில் அதனைத் தம் கையிலேயே கண்டுகொண்டார். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகள் கழித்தவனுக்கு இப்பகுதியைப் படிக்கையில் சிரிப்பு வருவதில்லை.

1916 பெப்ரவரியில் காசியில் பேசியபோது, தாமும் ஓர் அராஜகரே, ஆனால் வேறு வகையினர் என்று காந்தி வெளிப்படையாகக் கூறினார். கூட்டத்தில் அமளி எழுந்தது. அந்த வேறு வகை யாதென்பது 1919 இல் தெளிவாயிற்று. சத்தியாக்கிரகம் கலவரமாக மாறியபோது, தாம் இமாலயத் தவறு செய்துவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். சட்டத்தை அஞ்சாமல் மனமொப்பி நெடுங்காலம் கைக்கொண்டவனுக்கே, எந்தச் சட்டம் தீயது என்று கண்டு மீறும் உரிமை பிறக்கிறது. அந்தப் பயிற்சி இல்லாதாரை மீறும்படி அழைத்தமையே தம் தவறு என்றார். டால்ஸ்டாய் ஒருபோதும் இவ்வாறு எழுதியிருக்கமாட்டார்.

1922 மார்ச் 18 ஆம் நாள் அகமதாபாத்தில் நடந்த வழக்கு பலரும் அறிந்தது. இராசத்துரோகக் குற்றத்தைக் காந்தி ஒப்புக்கொண்டார். இந்தச் சட்டம் தீயது என்று நீதிபதி கருதினால் பதவி துறக்கட்டும். நல்லது என்று கருதினால் மிகக் கடுமையான தண்டனை அளிக்கட்டும் என்றார். நீதிபதி புரூம்பீல்டு சட்டம் ஆளுக்கு ஆள் வேறுபடாது என்று கூறி ஆறாண்டுச் சிறை விதித்தார். அரசாங்கம் இதனைக் குறைக்குமாயின் தம்மைவிட மகிழ்பவர் எவரும் இரார் என்றும் சேர்த்துரைத்தார். சபூனினின் நீதிமன்றத்தையும் இதனையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் தண்டனை உண்டு. ஆனால் அகமதாபாத்தில் குற்றவாளி ஒளிக்கவில்லை, நீதிபதி வெறுக்கவில்லை. அரசை மறுப்பவனும் சட்டத்தைக் காப்பவனும் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை முறிந்த இடத்தில் என்ன நேரும் என்பதற்கு மீண்டும் கனடாவுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. டுக்கோபோர்களுள் விடுதலைப் புதல்வர் எனப்பட்ட சிறுபிரிவினர், அரசாங்கப் பாடசாலை பிள்ளைகளுக்குப் போர்க்குணத்தை ஊட்டுகிறது என்று அஞ்சி அனுப்ப மறுத்தனர். அவர்களுட் சிலர் ஆடை களைந்து ஊர்வலம் போயினர். பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். ஆயுதத்தை எரித்தவர்களின் வழிவந்தோர் கரும்பலகையை எரித்ததை எவ்வகையாலும் நியாயப்படுத்த இயலாது. ஆனால் அரசாங்கம் செய்தது யாது? 1953 முதல் 1959 வரை, ஏறக்குறைய 200 பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, நியூ டென்வர் என்ற ஊரில் முன்பு காசநோய் மருத்துவமனையாயிருந்த கட்டடத்தில் வைத்துப் படிப்பித்தது. பின்னர் கம்பி வேலியும் போடப்பட்டது. குறித்த ஞாயிறுகளில் தாய்மார் வந்து வேலிக்கு அப்பால் நின்று, கம்பிக் கண்களூடாகப் பிள்ளைகளைத் தொட்டு முத்தமிட்டுப் போவார்கள்.

1959 இல் அத்தாய்மார் நீதிபதி முன்னிலையில், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவோம் என்று வாக்களித்தனர். எந்த மனிதருக்கும் பிரமாணம் செய்யோம் என்று வயல்களைத் துறந்தவர்களின் வழிவந்தோர் அவர்கள். அதன்பின்பே பிள்ளைகள் வீடு திரும்பினர்.

எனது பாடசாலையிலும் வரவுப் பதிவேடு உண்டு. நெடுநாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியரை அனுப்பி விசாரிப்பதும், தேவையாயின் அதிகாரிக்கு அறிவிப்பதும் என் கடமைகள். கட்டாயக் கல்விச் சட்டத்தை நான் நல்ல சட்டம் என்றே நம்புகிறேன். நியூ டென்வரில் பாடம் நடத்திய ஆசிரியர்களும் அவ்வாறே நம்பியிருப்பர்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் குறைகேள் அதிகாரி, அப்பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமென 1999 இல் பரிந்துரைத்தார். 2024 பெப்ரவரியில், காசில்கார் என்னும் ஊரில், மாகாண முதல்வர் டேவிட் ஈபி அவர்கள்முன் நின்று அரசாங்கத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். வேலிக்குள் இருந்த பிள்ளைகள் அன்று முதியவர்கள். அவர்களுட் பலர் அதற்கு முன்னமே இறந்துபோயிருந்தனர்.